முன்சக்கரம்

“இந்த வீலி கன்ட்ரோலை அடியோட தூக்கிடுண்ணே. பச்சப்புள்ள வண்டி மாதிரி கீது!”

குரலைக் கேட்டதும் கௌசர் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய தம்பி ஒவைஸ்!

ஸ்கூட்டிக்கு பிரேக் ஒயர் மாற்ற வந்தவள், திருவொற்றியூரில் வெள்ளத்துரையின் ஒர்க்‌ஷாப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் மூன்று பெரிய பைக்குகள் வந்து நின்றிருந்தன. ஒவைஸ், அவனுடைய தோஸ்துகள் ஜெரி, வெற்றி. மூவருக்கும் ஹார்பரில் வேலை. ஒன்றாகச் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஆளுக்கொரு ரேஸ் பைக் வாங்கியவர்கள். லீவு நாளானால் மீஞ்சூர் ரோட்டில் பறப்பவர்கள்.

“நான் போன வாரமே எடுத்துட்டேன் மச்சி,” என்றான் ஜெரி. “மிஷினை நம்பி ஓட்றவன்லாம் ஒரு ரைடரா?”

“அதான! என்னுதுல எப்பவோ எடுத்தாச்சு. கைல தில்லு வேணும்,” என்றான் வெற்றி.

கௌசர் எழுந்து வந்தாள். “இன்னாடா எடுக்கப் போறீங்கோ?”

ஒவைஸ் திடுக்கிட்டான். “நீ இங்க இன்னாக்கா பண்ற? ஒண்ணுமில்ல, வூட்டுக்குப் போ.”

அவள் வெள்ளத்துரையிடம் திரும்பினாள். “அது இன்னாண்ணே? எதுக்கு வெச்சிருக்கான்?”

“பவரான வண்டிம்மா இது. ஆக்சிலேட்டரை சட்டுனு முறுக்குனா முன்சக்கரம் மேல தூக்கிக்கும். கை தப்புச்சு, வண்டி மல்லாந்து நம்ம மேலயே வுழுந்துடும். சக்கரம் தூக்குதுன்னு தெரிஞ்சதுமே தானா பவரைக் கொறைச்சு கீழ இறக்கிடும். அதான் வீலி கன்ட்ரோல்.”

“தூக்குதுன்னு அதுக்கு எப்டித் தெரியும்?”

வெள்ளத்துரை சீட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. “இது பார்த்துகினே இருக்கும். வண்டி எவ்ளோ சாயுது, எவ்ளோ தூக்குதுன்னு.”

“இம்மாத்துண்டா?” கௌசர் குனிந்து, விரலால் தொட்டுக்கூடப் பார்த்தாள். “இத்த நம்பலாமாண்ணே?”

“மிஷின்தானேம்மா. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினா அது இன்னா பண்ணும்? ஆனா சக்கரம் தூக்குறது நமக்கு உறைக்கறதுக்குள்ள அது வேலையை முடிச்சிடும்.”

“அப்ப அத்த எதுக்குடா எடுக்கச் சொல்ற?”

ஜெரி சிரித்தான். “பேசாம ஒவைசுக்கு உங்க ஸ்கூட்டியக் குடுத்துடுங்கக்கா.”

வெற்றி விசிலடித்தான். ஒவைஸ் முகம் சிவந்துவிட்டது. “நீ எடுண்ணே!”

கௌசருக்கு ராயபுரத்தில் மருந்துக்கடையில் வேலை. முட்டியும் முழங்கையும் தேய்ந்துபோய், நொண்டிக்கொண்டே பஞ்சு வாங்க வரும் பையன்களை அவள் பார்க்காத வாரம் இல்லை. போன மாதம் ஒரு பையனுக்கு அவன் அம்மாதான் வந்தாள். அவன் வரும் நிலைமையில் இல்லை.

“வேணாண்டா ஒவைசு. உன் கால்ல வேணா வுழறேன்.”

“பசங்க முன்னாடி மானத்தை வாங்காதக்கா!” அவள் பிடித்த கையை உதறினான்.

வெள்ளத்துரை லேப்டாப்பை வண்டியோடு இணைத்து ஏதோ தட்டினார். “எடுத்தாச்சு. போங்க.”

கன்டெய்னர் லாரிகள் ஓய்ந்த நேரமாகப் பார்த்து ஒவைஸ் வண்டியை ரோட்டில் இறக்கினான். ஒரே முறுக்கு. முன்சக்கரம் ஒரு சாண் எழும்பியது. கௌசர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். திறந்தபோது சக்கரம் தரையில் இருந்தது. தம்பி எர்ணாவூர் பக்கம் போய்க்கொண்டிருந்தான். “கெத்து மாமு!” என்று கத்திக்கொண்டே மற்ற இருவரும் பின்னால் பறந்தார்கள்.

அவள் அழுதுகொண்டே வெள்ளத்துரையின் மேல் பாய்ந்தாள். “நீயெல்லாம் மனுசனாண்ணே? நானும் கடையில நிக்கறவதான். எவனாவது வந்து கேட்டா தூக்க மாத்திரையை அள்ளிக் குடுத்துடுவனா? உனக்கு யாவாரம்தான் பெருசா? எனக்கு அவன் ஒருத்தன்தாண்ணே கீறான்!”

வெள்ளத்துரை கையைத் துடைத்துக்கொண்டார். வெளியே எட்டிப் பார்த்தார்.

“எடுக்கலம்மா.”

“இன்னாது?”

“கொஞ்சமா தளர்த்தி வெச்சிருக்கேன். ஒரு சாண் தூக்கும். அதுக்கு மேல விடாது.”

கௌசருக்கு மூச்சு திரும்பியது. “எடுத்தாச்சுன்னு அவனை ஏமாத்திட்டியா?”

“அவன் எங்க ஏமாந்தான்? நேத்தே தனியா வந்தான். ‘நாளைக்குப் பசங்களோட வந்து எடு எடுன்னு கத்துவேன், எடுத்துடாதண்ணே. எனக்கு ஒண்ணுன்னா எங்கக்கா தாங்காது’ன்னு சொல்லிட்டுப் போனான். யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னான். நீ இவ்ளோ அழுவுறியேன்னு சொல்லிட்டேன்.”

அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே கோபம் வந்தது.

“அந்த ரெண்டு பேருக்குப் பயந்துகினா இப்டி நடிக்கிறான்? அவனுங்களுக்குத்தான் உசுரு மேல ஆசையே இல்ல. இவனும் அவனுங்களோட சேர்ந்து சுத்தணுமா?”

வெள்ளத்துரை லேப்டாப்பை மூடினார்.

“நீ வேறம்மா. ‘எடுத்துடாதண்ணே’ன்னு இதே பேச்சைத்தான் போன வாரம் ஜெரி தனியா வந்து சொன்னான். அதுக்கு முன்னாடி வெற்றி தனியா வந்து சொன்னான். மத்த ரெண்டு பேருக்கும் தெரியவே கூடாதுன்னு மூணு பேருமே எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கானுங்க!”