குலுங்காத ஸ்டீயரிங்

கட்டோவிட்சே நகரத்துக் கடையில், கார் ரேஸ் கேம் ஆட வாங்கிய புது ஸ்டீயரிங்கைப் பொத்தென்று மேசையில் வைத்தான் கெரார்ட்.

"பழசு செத்துப்போச்சுன்னு இதை வாங்கினேன். இதுவும் குலுங்கல. கார் கல்லு மேல ஏறினாலும் கையில ஒண்ணும் தெரியல. யாரை ஏமாத்துற?"

"நல்ல சரக்குண்ணே!"

கடைக்காரன் தாமியன் டிவியில் மாட்டி ஓட்டினான். கார் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் வெடுக்கென்று குலுங்கி அவன் மணிக்கட்டைத் திருகியது.

"ஐயோ! நீங்களே பிடிச்சுப் பாருங்க."

கெரார்ட் பிடித்தான். மேசையே அதிர்ந்தது. அவன் கைக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை.

தாமியன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, என்ன வேலை பாக்குறீங்க?"

"நிலக்கரிச் சுரங்கத்துல. இருபது வருஷமா டிரில் மெஷின் பிடிக்கிறேன்."

இருவரும் கெரார்டின் மரத்து வெளுத்த விரல்களைப் பார்த்தார்கள்.

கெரார்ட் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"இதைவிடப் பலமா குலுக்குறது இருந்தா காட்டு."