ஆல்பர்ட் தோற்ற ஆட்டம்

"டிரா வெச்சிக்கலாமாண்ணே?"

அன்சர் கேட்டதும், ஆல்பர்ட் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "நான் ஒரு யானைய ஜாஸ்தியா வெச்சிக்கினு டிராவா? ஆட்றா தம்பி."

கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்தில் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. செருப்புக்கடை அன்சர் எத்தனையோ பேரை ஜெயித்திருக்கிறான். கச்சிராயபாளையம் ஆல்பர்ட்டை மட்டும் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அந்தக் குறை அவனைவிட அவனைப் பெற்ற அத்தாவுக்குத்தான் அதிகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கப் படுத்திருந்தவர், காலையில் அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தார்.

"என் மூஞ்சியப் பாத்துக்கினு இங்க இன்னா பண்ணப் போற? அந்த ஆல்பர்ட்ட ஒருவாட்டியாச்சும் ஜெயிச்சிட்டு வாடா."

இந்த முறையும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். அன்சர் மனசே இல்லாமல் குதிரையை நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டினான்.

ஆல்பர்ட் தண்ணீர் குடிக்க எழுந்து வாசல் பக்கம் போனார். ஓடிக்கொண்டிருந்தது அவருடைய நேரம்தான். ஆனாலும் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். முகம் கழுவியிருந்தார் போலிருக்கிறது, சட்டைக் காலரெல்லாம் ஈரம். உட்காரக்கூட இல்லை. தன் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"நீ ஜெயிச்சிட்ட."

"இன்னாண்ணே இது, பிச்ச போடறீங்களா?"

"அதெல்லாம் இல்ல. உன் குதிரைய நான் கவனிக்கல. கையெழுத்துப் போடு."

அன்சர் பலகையை உற்றுப் பார்த்தான். குதிரை அப்படியொன்றும் வெட்டி முறிக்கிற இடத்தில் இல்லை. ஆனால் ஆல்பர்ட்டே சொல்கிறாரே! ஜெயித்தவனுக்கு நம்புவதா கஷ்டம்? அவசரமாகக் கையெழுத்துப் போட்டான். நடுவர் மேசையில் ஒப்படைத்திருந்த செல்போனை வாங்க ஓடப் பார்த்தான்.

"இருங்கண்ணே, மொதல்ல அத்தாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்!"

ஆல்பர்ட் அவன் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சொல்லியாச்சுடா. வாசல்ல உன் மச்சான் போனோட நின்னுக்கினு இருந்தாரு. லைன்ல அந்தப் பக்கம் உங்க அத்தா. இழுத்துக்கினு கெடக்கறப்பவும் 'எம்புள்ள ஜெயிச்சிட்டானா'ன்னுதான் கேட்டாரு. 'ஜெயிச்சிட்டான் பாய்'னு சொன்னேன். கேட்டுட்டுக் கண்ண மூடிட்டாரு... அப்பறந்தான் உள்ள வந்து ராஜாவ சாய்ச்சேன்."