முத்திரையிடப்பட்டது

எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், வரிசைப்படி:

பிப்ரவரியில் மைக்கைப் பிடுங்கினார்கள். மார்ச்சில் நிலக்கரி அடுப்பைத் தூக்கிப் போனார்கள். ஏப்ரலில், மே தினத்துக்கு ஆறே நாள் இருக்கும்போது, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மூன்றாம் மாடி அறைக்கே பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

தலைவர் தஹ்சீன் கயாபாஷ் என்னையும் இல்யாஸையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து வந்திருந்த மூன்று கடிதங்களையும் மேசையில் அறைந்தார்.

"'புகார் செய்யப்பட்டதன் பேரில் அகற்றப்பட்டது.' 'தேவையெனக் கருதப்பட்டதால் முத்திரையிடப்பட்டது.' யாரும்மா புகார் செஞ்சது? யாரு கருதினது? அரசாங்கத் துருக்கி மொழியில வேலை மட்டும்தான் நடக்கும், ஆளே இருக்காது!"

"கடிதம் எழுதுற வழக்கமே அதுதாண்ணே" என்றாள் குமாஸ்தா ஃபெரீதே. "டீ சொல்லட்டுமா?"

"டீயைக் குடுத்து வாயை அடைக்காதே. நாப்பது வருஷமா முதலாளிகளை மேடையில பேர் சொல்லிக் கிழிச்சவன் நான். பேரைச் சொல்லு."

"கீழ்த்தளத்துல நகராட்சி ஹால் காலியா இருக்கு. மே தினத்தை அங்க நடத்திக்கோங்க. பேரு எதுக்கு?"

"பாத்தியா இல்யாஸ், பேரம் பேசுறா! அப்ப பெரிய கைதான்."

"சுரங்க மேனேஜர்" என்றார் இல்யாஸ். "போலீஸ்" என்றேன் நான். இந்த வயதிலும் எங்களைக் கண்டு பயப்படுகிறார்களே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"தனியா வாங்கண்ணே, காட்டுறேன்."

"தனியாவா? துரோகிதான் தனியாப் பேசுவான். சாட்சிகள் முன்னாடி உரக்கப் படி!"

ஃபெரீதே பெருமூச்சு விட்டுக் கோப்பைத் திறந்தாள்.

"'மேற்படி சங்கத் தலைவருக்குச் சென்ற ஆண்டு இதய அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மைக்கில் கத்துவதும், அடுப்புப் புகையும், மூன்று மாடி ஏறுவதும் கூடாதென மருத்துவரால் சொல்லப்பட்டும் அவரால் கேட்கப்படவில்லை. சங்கமும் வேண்டும், அவரும் வேண்டும். ஆகவே கீழ்த்தளத்தில் ஓர் இடம் அளிக்கப்படுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.'"

தலைவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "போதும்மா. மூடு."

"பேரு வரலையே" என்றார் இல்யாஸ். "நாங்க சாட்சிக்கு வந்தவங்க."

ஃபெரீதே கடைசி வரியையும் உரக்கவே படித்தாள்:

"விண்ணப்பதாரர், தலைவரின் மனைவி, மூனிரே கயாபாஷ்."