முழங்கால் உயரக் கோடு

மார்ச் 16, சனி.

ஒரு தவறு. கூடத்துச் சுவருக்குப் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்காமல் நேராக வெள்ளை அடித்துவிட்டேன்.

கறை இருந்தால் முதலில் பிரைமர் என்று, விற்கப்போகும் வீட்டைப் புதுப்பிக்கச் சொல்லித்தரும் இரவு வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் எழுதித்தான் வைத்திருந்தேன். படுக்கையறைக்கு அடித்ததிலேயே டின் தீர்ந்துபோனது. கூடத்துக்கு இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இன்று, வீடு பார்க்க ஆள் வருகிற நாளாகப் பார்த்து, அது வெளியே வந்துவிட்டது. சுவர் நெடுக, முழங்கால் உயரத்தில், பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் ஒரு கோடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் வந்து நின்ற இடம்.

மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்ததாகத்தான் நினைக்கிறேன். வாசல் கேட்டுக்குச் சாம்பல் நிறம். சமையலறை அலமாரிகளுக்குப் புதுக் கைப்பிடி. தரைக்கல் இடுக்குகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளை சிமென்ட் பூசினேன். கொஞ்சச் செலவில் வாங்க வருகிறவர் மனம் மாறுகிற இடங்கள் இவைதான் என்று பாடம்.

வீடு விற்றால் ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில், மேட்டில், ஒரு சின்ன வீடு பேசி வைத்திருக்கிறோம். விற்காவிட்டால் அம்மாவுக்கு இன்னொரு மழைக்காலம் இங்கேதான். மழை பிடித்துவிட்டால் அம்மா அரிசி டின்னை அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அது விடும்வரை உட்கார்ந்தே இருப்பாள்.

ஏஜென்ட் யாப் கோட்டைப் பார்த்துவிட்டு, காலண்டர் ஏதாவது மாட்டலாமே என்றார்.

“முழங்கால் உயரத்துல காலண்டரா? பூனை தேதி பாக்கவா?” என்றாள் அம்மா.

கடைசியில் சோபாவையும் செருப்பு அலமாரியையும் வரிசையாகத் தள்ளி மறைத்தோம்.

“கேட்டா ஈரம்னு சொல்லு சுபா. மழைக்கு வேர்க்காத சுவர் இந்த ஊர்ல ஏதுலா,” என்றார் யாப் என்னிடம்.

வந்தவர் பெயர் ரொஹானா. ஐம்பது வயதிருக்கும். காரை வாசலில் நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் நிற்கமாட்டார் என்று யாப் என் காதில் முணுமுணுத்தார்.

கையில் ஒரு கைத்தடி. ஆனால் நன்றாகத்தான் நடந்தார். தடியில் பாதிக்கும் சற்றுக் கீழே ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது.

புதுக் கைப்பிடிகளை அவர் பார்க்கவே இல்லை. வெள்ளை சிமென்ட்டையும்தான். சுவர் சுவராகப் போய்த் தடியை நிறுத்தி வைத்து, குனிந்து பார்த்தார். படுக்கையறையில் அதிக நேரம் நின்றார். அந்தச் சுவர் பளிச்சென்று இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கூடத்தில், சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தோம். அவர் அங்கே குனிந்தார். பிறகு சோபாவைத் தானே இழுத்தார்.

“இது என்ன?”

ஈரம் என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. யாப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி நின்ன எடம்மா,” என்றாள் அம்மா. “அதுக்கு மேல ஏறல. ஆனா மழை பேஞ்சா நான் உக்காந்தே கெடக்கணும். அதான் விக்கிறோம்.”

யாப் கண்ணை மூடிக்கொண்டார். ஈப்போ வீடு போயிற்று என்று நினைத்தேன்.

ரொஹானா தடியைக் கோட்டுக்கு நேராக நிறுத்தினார். ரப்பர் பேண்ட் கோட்டுக்கு நாலு விரல் மேலே இருந்தது. விரலை வைத்து ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பாக்காத வீடு இல்ல அக்கா. எல்லாச் சுவரும் புதுசு. எது வரைக்கும் ஏறுச்சுன்னு கேட்டா, இங்க வரவே இல்லங்கிறாங்க. நான் எதை வெச்சு அளக்கிறது?” என்றார் அம்மாவிடம்.

தடி அவருடைய அம்மாவுடையது. அந்த அம்மா படுத்த படுக்கையாகி மூன்று வருஷம். ஆற்றை ஒட்டிய அவர்கள் வீட்டில் அந்த வெள்ளத்தன்று தண்ணீர் கட்டிலைத் தாண்டி ஏறியிருக்கிறது. படகு வரும்வரை ரொஹானா அம்மாவின் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

ரப்பர் பேண்ட் இருப்பது கட்டிலின் உயரம்.

காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். பின்கதவைத் திறந்து, சீட்டில் படுத்திருந்த ரொஹானாவின் அம்மாவுக்குப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

போகும்போது ரொஹானா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சரியாகச் செய்ததற்கு ஒன்றும் இல்லை, தப்பாகப் போனதற்குத்தான் என்று நினைக்கிறேன். பதிலுக்கு நானும் நன்றி சொன்னேன்.

திங்கட்கிழமை தம்பியை அழைத்துக்கொண்டு முன்பணத்தோடு வருகிறார். ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். கட்டில் போடப்போவது படுக்கையறையில். அங்கே கோடு எங்கே என்று பார்க்க வேண்டுமாம்.

நாளை: படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கோடு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்தச் சுவருக்கு எல்லாம் முறைப்படி அடித்திருக்கிறேன். நேரம் பிடிக்கும்.