ஒரு ஜக் தண்ணீர்

டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸ், தண்ணீரைக் குடித்து எடை ஏறி வருபவர்களைச் சும்மா விடமாட்டார். ஆறு வருடமாக அவரிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஒரு தையல்காரர்.

திங்கட்கிழமை தையல்காரர் இறந்துபோனார். நர்ஸ் அடக்கத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை, வழக்கமான நேரத்துக்குத் தையல்காரர் வந்து எடைமேடையில் ஏறி நின்றார். அது பூஜ்யம் காட்டியது.

"பாத்தீங்களா சிஸ்டர், ஒரு கிராம்கூட ஏறல!"

நர்ஸ் நோட்டில் பூஜ்யம் என்று எழுதினார்.

"இனிமேலாவது தண்ணி குடிக்கலாமா?"

நர்ஸ் போய் ஒரு ஜக் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தையல்காரர் மூச்சே விடாமல் குடித்து முடித்தார்.

பக்கத்துக் கட்டில்காரர் கோபமாகத் தலையைத் தூக்கினார்.

"இதென்ன சிஸ்டர் ஓரவஞ்சனை? அவருக்கு மட்டும் ஒரு ஜக்கா?"