பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை

டெல்லியில் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே பவானாவுக்கு அனுப்பிவிட்டார்கள். லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கு வர கோகிலாவுக்குப் பாதி நாள் பஸ்ஸிலேயே போனது.

அவள் அம்மா பழனியம்மா, தான் வேலை செய்யும் கிட்வாய் நகர் வீட்டில் அழுதாள்.

"பின்னாடி ரூம் சும்மாத்தானே கெடக்கு? வாடகைக்குக் குடுங்கம்மா. புள்ள படிப்பு நின்னுடும்."

"வாடகை எதுக்கு? ஜல்தி சாமானைக் கொண்டு வா. கோகிலா எனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்றாள் வத்சலா.

பழனியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன்பின் கோகிலா ஒருநாளும் பள்ளிக்குப் போகத் தவறவில்லை.

வத்சலாவின் பேரன் ஷ்ரவணின் பையைச் சுமந்துகொண்டு போவாள். அவனை வகுப்பில் உட்காரவைப்பாள். தன் பழைய வகுப்பைத் தலைகுனிந்தபடி தாண்டி, பாத்திரம் தேய்க்க ஓடிவருவாள்.