லேத்து ஓடுகிறதா?

ராயப்பேட்டை, 1944. ஹனீஃபாவின் பட்டறையில் இரும்பு கடையும் லேத்து ஓடினால் பக்கத்து வீட்டுச் சுவரும் அதிரும். கடைந்த தண்டுகள் வழவழப்பாக இல்லாமல் வரிவரியாக வந்தன.

மெக்கானிக் சுப்பராமன் லேத்தின் மேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்துப் பார்த்தார். தண்ணீர் துள்ளியது.

"அடியில காங்கிரீட் விரிசல் விட்டிருக்கு பாய்."

அதைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக் காயவிட ஒரு வாரம் ஆனது. இன்று லேத்து முழு வேகத்தில் இரைந்தது. கிண்ணத்துத் தண்ணீர் அசையவில்லை.

"பக்கத்து வூட்டு அஃப்சருன்னிசாவுக்கு இனிமே நிம்மதி," என்றார் ஹனீஃபா. "அது புருஷன் கவுஸுதான் இந்த லேத்த ஓட்டிக்கினு இருந்தான். சிங்கப்பூர் போனான், சண்டை வந்துச்சு. மூணு வருஷமா கடுதாசி இல்ல."

அப்போது அஃப்சருன்னிசாவே வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ரிப்பேர் இன்னும் முடியலியா? எப்ப லேத்த ஓட்டுவீங்க? சுவத்துல கை வெச்சா அவரு இங்க வேலை செஞ்சிக்கினு கீற மாதிரியே இருக்கும்."

சுப்பராமன் திகைத்தார். "லேத்து ஓடிண்டிருக்கே! இந்தச் சத்தம் கேக்கலையாம்மா?"

"அம்மை வந்து அதுக்குக் காது போயிடுச்சு சார்," என்ற ஹனீஃபா, உள்ளே வந்து லேத்தைத் தொட்டுப் பார்க்கும்படி அவளுக்குச் சைகை காட்டினார்.

இரும்பில் மெல்லிய நடுக்கம் மிச்சமிருந்தது. அவள் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

தண்டு கடைந்து முடிந்த பிறகும் ஹனீஃபா லேத்தை நிறுத்தவில்லை.